கடல்வழிப் பயணிகள் போக்குவரத்தில் சம்பளம்: நாடுகளை ஒப்பிடுவது எப்படி

ஃபெர்ரி, சொகுசுக் கப்பல், தீவுப் படகு இவற்றில் வேலை செய்பவர்களின் சம்பளம் எந்த நாட்டில் ஏறுகிறது, எங்கே தேங்குகிறது என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது ஒரு வரைபடம்தான். தலைப்பில் ‘ஊதியமும் சம்பளமும், கடல் மற்றும் கடலோரப் பயணிகள் போக்குவரத்து’ என்று இருக்கும், பக்கத்தில் நாட்டின் பெயர், அளவு மில்லியன் யூரோவில். கோடு மேலே போனால் சம்பளம் ஏறிவிட்டது என்று எழுதத் தோன்றும். ஆனால் அந்தக் கோடு காட்டுவது மொத்தத் தொகையை. அந்த வகையில் சேர்க்கப்பட்ட கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் கொடுத்த சம்பளம் அது. ஒரு கப்பல் கூடுதலாக ஓடினாலும் ஏறும், ஒரு கம்பெனி வேறு வகைக்கு மாறினால் விழும். ஒரு மாலுமியின் கைக்கு என்ன வந்தது என்பதை அதிலிருந்து எடுக்க நாலைந்து படிகள் தாண்டவேண்டும். மாணவர்கள், செய்தியாளர்கள், தொழிற்சங்கத்தினர், கப்பல் வேலைக்குப் போகும் முன் கணக்குப் பார்ப்பவர்கள் ஆகியோருக்காக அந்தப் படிகளை இங்கே தருகிறோம்.

முதலில் வகைப்பாடு

ஐரோப்பாவின் தொழில் வகைப்பாட்டுக்கு நேஸ் என்று பெயர். அதில் 50 என்பது நீர்ப்போக்குவரத்து. 50.10 கடல், கடலோரப் பயணிகள், 50.20 கடல் சரக்கு, 50.30 உள்நாட்டு நீர்வழிப் பயணிகள், 50.40 உள்நாட்டு நீர்வழிச் சரக்கு. ஐ.நா.வின் ஐசிக் வகைப்பாட்டில் இவையே 5011, 5012, 5021, 5022. இந்தியாவின் என்.ஐ.சி. 2008-உம் இதே அடிப்படையில்தான் எழுந்தது. ஃபெர்ரி, குரூஸ் எனப்படும் சொகுசுக் கப்பல், சுற்றுலாப் படகு, நீர் டாக்ஸி, ஆளோடு வாடகைக்கு விடும் உல்லாசப் படகு எல்லாமே 5011-க்குள் வரும். கப்பலிலேயே இருந்தாலும் தனி நிறுவனம் நடத்தும் உணவகம் வராது, மிதக்கும் சூதாட்ட விடுதியும் வராது.

அமெரிக்காவில் இந்த ஒரே வகை மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. அங்குள்ள நெய்க்ஸ் முறையில் 483112 ஆழ்கடல் பயணிகள், 483114 கடலோரமும் பேரேரிகளும், 487210 நீர்வழிச் சுற்றிப்பார்ப்பு. ஐரோப்பாவின் 50.10-ஐ அமெரிக்காவின் 483112-உடன் மட்டும் வைத்து ஒப்பிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. பேரேரிகள் உள்நாட்டு நீர் என்பதால் 483114-ஐச் சேர்த்தாலும் பொருத்தம் முழுமையாக வராது. அதை அடிக்குறிப்பில் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

கடலா, உள்நாட்டு நீரா என்ற கோட்டை நம் ஊரிலேயே பார்க்கலாம். 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ காயலில் ஓடுவதால் 5021. அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் 5011. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கு ஆள் ஏற்றும் படகுகளும் தன்மையில் 5011-தான். ஆனால் அவற்றை நடத்தும் பூம்புகார் கப்பல் கழகத்தின் பெரிய வேலை நிலக்கரி கொண்டுவருவது. நிறுவனப் புள்ளிவிவரத்தில் ஒரு கம்பெனி எந்தத் தொழிலில் அதிக மதிப்பை உண்டாக்குகிறதோ அந்த வகைக்குள்தான் மொத்தமாகப் போய் உட்காரும். அந்த விதிப்படி பார்த்தால் பாறைப் படகில் கயிறு பிடிப்பவரின் சம்பளம் 5012 சரக்குக் கணக்கில் சேரும்.

ஐரோப்பாவில் இதே சிக்கல் பல மடங்கு பெரிது. காரும் லாரியும் பயணிகளும் ஒரே கப்பலில் ஏறும் ரோ-ரோ ஃபெர்ரிகளில், டி.எஃப்.டி.எஸ். போன்ற கம்பெனிகளுக்குச் சரக்கு வருமானம்தான் பெரிது. இப்படிப்பட்ட ஒரு கம்பெனியில் சரக்கும் பயணிகளும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் ஓர் ஆண்டு 50.10-இலும் மறு ஆண்டு 50.20-இலும் விழக்கூடும். சிறிய நாட்டில் ஒரே ஆண்டில் சம்பளத் தொகை பாதியானாலோ இரட்டித்தாலோ முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். 50.10-ஐயும் 50.20-ஐயும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை அமைதியாக இருந்தால் கம்பெனி இடம் மாறியிருக்கிறது.

மாலுமி யாருடைய சம்பளப் பட்டியலில் இருக்கிறார்

இந்தத் தொழிலின் சம்பளப் புள்ளிவிவரத்தை மற்றத் தொழில்களிலிருந்து பிரிப்பது இந்தக் கேள்விதான். இதற்கு விடை தெரியாமல் எந்த நாட்டின் எண்ணையும் மேற்கோள் காட்டக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரு துணி ஆலையில் தறி, தொழிலாளி, முதலாளி மூவரும் ஒரே நாட்டில் இருப்பார்கள். கப்பலில் பதிவைக் காட்டும் கொடி ஒரு நாடு, கம்பெனி ஒரு நாடு, சம்பளம் போடும் ஏஜென்சி ஒரு நாடு, மாலுமியின் வீடு இன்னொரு நாடு. புள்ளிவிவரம் இவற்றில் சம்பளம் கொடுக்கும் நிறுவனம் இருக்கும் நாட்டைத்தான் பின்பற்றும்.

சொகுசுக் கப்பல் கம்பெனியான ஐடா குரூஸின் தலைமையகம் ஜெர்மனியின் ராஸ்டாக்கில் இருக்கிறது, பயணிகளில் பெரும்பாலோர் ஜெர்மானியர்கள். கப்பல்களில் பறப்பதோ இத்தாலியக் கொடி, ஏனென்றால் ஐடா ஜெனோவாவின் கோஸ்டா நிறுவனத்தைச் சேர்ந்தது. கார்னிவல் மயாமியிலிருந்து இயங்குகிறது, கம்பெனிப் பதிவு பல பத்தாண்டுகளாகப் பனாமாவில் இருந்தது. ராயல் கரீபியனின் பதிவு லைபீரியாவில். எம்.எஸ்.சி. குரூஸ் ஜெனீவாவிலிருந்து நடக்கிறது, சுவிட்சர்லாந்துக்குக் கடலே கிடையாது.

அமெரிக்காவின் காலாண்டு ஊதியக் கணக்கெடுப்பை எடுத்து ஃபுளோரிடாவில் 483112-இன் சராசரிச் சம்பளத்தைப் பார்த்தால் மிக உயர்வாக இருக்கும். அதில் வருபவர்கள் பெரும்பாலும் மயாமி அலுவலகத்தில் முன்பதிவு, கணக்கு, சந்தைப்படுத்தல் பார்ப்பவர்கள். வெளிநாட்டுக் கொடிக் கப்பலில் வேலை செய்யும் ஃபிலிப்பைன்ஸ், இந்தோனேசிய, இந்தியப் பணியாளர்கள் அமெரிக்க வேலையின்மைக் காப்பீட்டுக்குள் வருவதில்லை, அந்தக் கணக்கெடுப்போ காப்பீட்டுப் பதிவை வைத்தே எழுகிறது. ஆகவே ‘அமெரிக்க குரூஸ் ஊழியரின் சராசரிச் சம்பளம்’ என்று அந்த எண்ணைப் போடுவது கரையில் இருப்பவரின் சம்பளத்தைக் கடலில் இருப்பவர் பெயரில் எழுதுவதாகும். கப்பலில் இருப்பவரின் சம்பளம் பற்றி ஓரளவு தெரிய வேண்டுமானால், அமெரிக்கப் பங்குச் சந்தையில் இருக்கும் குரூஸ் கம்பெனிகள் ஆண்டுப் பொதுக்குழுவுக்கு முன் தாக்கல் செய்யும் அறிக்கையைத் திறக்கவும். தலைமை அதிகாரியின் சம்பளத்துக்கும் நடுநிலை ஊழியரின் (சம்பள வரிசையில் சரியாக நடுவில் நிற்பவரின்) சம்பளத்துக்கும் உள்ள விகிதம் அதில் கட்டாயம் இருக்கும். ஊழியர்களில் மிகப் பெரும்பான்மையினர் கப்பலில் இருப்பவர்கள் என்பதால் அந்த நடுநிலை ஊழியரும் பெரும்பாலும் கப்பல்காரராகவே இருப்பார்.

அடுத்து, கப்பலுக்கு ஆள் அனுப்பும் மேனிங் ஏஜென்சி. ஏஜென்சி சம்பளப் பட்டியலில் இருக்கும் ஆள் 50.10-இல் எண்ணப்படுவதில்லை. அவர் ஆள் வழங்கும் தொழிலான 78-இல் சேர்வார், அல்லது ஏஜென்சி வெளிநாட்டில் இருந்தால் அந்த நாட்டின் கணக்கிலேயே வரமாட்டார். கப்பல் கம்பெனியின் ஏட்டில் அவருக்கான செலவு ‘வாங்கிய சேவை’. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டின் வரையறையே ஏஜென்சி ஆட்களுக்கான தொகையைச் சம்பளத்தில் சேர்க்காதே என்கிறது. ஏஜென்சி ஆட்களுக்குக் கொடுத்த தொகை என்று தனிப் பத்தி (நெடுவரிசை) இருக்கும் ஆண்டுகளில் அதையும் பதிவிறக்கிப் பக்கத்தில் வையுங்கள். சம்பளத் தொகை குறைந்து அது ஏறியிருந்தால் விஷயம் விளங்கிவிடும்.

2022 மார்ச் 17 அன்று பிரிட்டிஷ் ஃபெர்ரி கம்பெனியான பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் 786 கப்பல் பணியாளர்களை முன்கலந்தாலோசனை இல்லாமல் வேலையிலிருந்து நீக்கி, அவர்களிடத்தில் ஏஜென்சி ஆட்களை ஏற்றியது. புதியவர்களின் சராசரி மணிநேரச் சம்பளம் 5.50 பவுண்டு என்று ஒரு வாரத்தில் கம்பெனியின் தலைமை அதிகாரி நாடாளுமன்றக் குழு முன் சொன்னார். அப்போது பிரிட்டனில் 23 வயதுக்கு மேற்பட்டவருக்குக் குறைந்தபட்சம் 8.91 பவுண்டு. கப்பல்கள் சைப்ரஸ், பஹாமாஸ், பெர்முடா கொடிகளில் ஓடியதால் அந்தச் சட்டம் எட்டவில்லை. இப்படி ஓர் ஆள்மாற்றம் நடக்கும்போது சராசரி என்ன ஆகும்? குறைந்த சம்பளக்காரர் பட்டியலைவிட்டே போய்விடுவார். மிஞ்சுவது அதிகாரிகளும் கரை அலுவலகமும். கப்பலில் கூலி சரிந்த அதே ஆண்டு தொழிலின் சராசரி ஏறி நிற்கும்.

போதாக்குறைக்கு, வேலையைவிட்டு நிறுத்தும்போது கொடுக்கும் ஈட்டுத்தொகையும் ஐரோப்பிய வரையறையில் ‘ஊதியமும் சம்பளமும்’ என்பதற்குள்தான் வருகிறது. ஆட்குறைப்பு ஆண்டில் ஒரு சிகரம் தெரிந்தால் அதைச் சம்பள உயர்வு என்று வாசித்துவிடாதீர்கள்.

சமையலையும் கடையையும் வெளி நிறுவனத்துக்குக் கொடுப்பதும் இதே விளைவைத் தரும். ஒரு கற்பனைக் கம்பெனியில் 300 பேர் மேல்தளத்திலும் எஞ்சினிலும் ஆண்டுக்கு 50,000 யூரோ வாங்குகிறார்கள், 700 பேர் உணவகம், அறைப் பராமரிப்பு, கடையில் 30,000 வாங்குகிறார்கள். சராசரி 36,000. அடுத்த ஆண்டு 400 சேவை ஆட்களை வெளி நிறுவனத்துக்கு மாற்றிவிட்டார்கள். மிஞ்சிய 600 பேரின் சராசரி 40,000. யாருக்கும் ஒரு சென்ட் கூடவில்லை, புள்ளிவிவரம் மட்டும் 11% ஏற்றம் காட்டும். பால்டிக் கடல் ஃபெர்ரிகளில் கப்பலை ஓட்டுபவர்களைவிட உணவகத்திலும் கடையிலும் நிற்பவர்களே அதிகம் என்பதால் இந்தக் கணக்கு அங்கே மிகவும் பொருந்தும்.

வகுப்பது

மொத்தத் தொகையை ஆள் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். யூரோஸ்டாட்டின் கட்டமைப்பு வணிகப் புள்ளிவிவரத்தில் மூன்று எண்ணிக்கைகள் கிடைக்கும்: வேலை செய்வோர், சம்பள ஊழியர், முழுநேரக் கணக்கில் ஊழியர். முதலாவதில் முதலாளியும் சம்பளமில்லாக் குடும்பத்தினரும் சேர்வார்கள். கிரேக்கத் தீவுகளிலும் குரோஷியக் கடற்கரையிலும் சிறு படகு உரிமையாளர்கள் ஏராளம் என்பதால் அதால் வகுத்தால் சம்பளம் பொய்யாகக் குறையும். இரண்டாவதால் வகுத்தால் கோடையில் மூன்று மாதம் வேலை செய்பவர் படுத்தும் பாடு இருக்கிறது. மூன்றாவது கிடைக்கும் இடத்தில் அதையே எடுங்கள். 60 மில்லியன் யூரோவை 2,000 ஊழியரால் வகுத்தால் 30,000, அதையே 1,500 முழுநேரக் கணக்கால் வகுத்தால் 40,000. இரண்டையும் ஒரே அட்டவணையில் நாட்டுக்கொன்றாகக் கலந்து போடுவதுதான் மிக மோசம்.

முழுநேரம் என்பதே கப்பலில் வேறு. இரண்டு வாரம் கப்பலில், இரண்டு வாரம் வீட்டில் என்று சுற்றும் வட ஐரோப்பிய ஃபெர்ரி மாலுமி நாளுக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 182 நாள் வேலை செய்கிறார். மொத்தம் 2,184 மணி. எட்டு மாத ஒப்பந்தத்தில் விடுமுறை நாளின்றி நாளுக்கு 10 மணி உழைக்கும் குரூஸ் பணியாளர் 240 நாளில் 2,400 மணியைத் தொட்டுவிடுவார், மீதி நான்கு மாதம் பல ஒப்பந்தங்களில் அவருக்குச் சம்பளமே இருக்காது. ஆண்டுச் சம்பளத்தை ஒப்பிட்ட பின் மணிக்கணக்கிலும் ஒரு முறை வகுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இந்த மணி விவரத்தைக் கூட்டு ஒப்பந்தத்தில் தேட வேண்டும்.

சம்பளம் வேறு, பணியாளர் செலவு வேறு. பணியாளர் செலவில் முதலாளி கட்டும் சமூகப் பாதுகாப்புத் தொகையும் சேரும். தொழிலாளி பக்கம் பார்க்க ‘ஊதியமும் சம்பளமும்’ பத்தி, கம்பெனிப் பக்கம் பார்க்க ‘பணியாளர் செலவு’. ஊழியர் கையிலிருந்து பிடிக்கும் வரி முதல் பத்தியில் அடக்கம்.

இங்கே டென்மார்க் ஒரு விதிவிலக்கு. 1988-இல் தொடங்கிய டி.ஐ.எஸ். என்ற சர்வதேசக் கப்பல் பதிவேட்டில் உள்ள கப்பல்களில் மாலுமியின் சம்பளம் வருமான வரியில்லா நிகரத் தொகையாகவே பேசி முடிக்கப்படுகிறது. 30,000 நிகரம் வாங்கும் டேனிஷ் மாலுமியும் 45,000 மொத்தம் வாங்கி மூன்றில் ஒரு பங்கை வரியாகக் கட்டும் பக்கத்து நாட்டு மாலுமியும் வீட்டுக்குக் கொண்டுபோவது ஒன்றாக இருக்கலாம். புள்ளிவிவரமோ டேனிஷ்காரரை ஏழையாகக் காட்டும். ஸ்வீடனும் பின்லாந்தும் நார்வேயும் வேறு பாதை பிடித்தன. மாலுமி வழக்கம்போல் வரி கட்டுகிறார், அரசு அதைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. சில கம்பெனிகள் அந்தத் தொகையைப் பணியாளர் செலவிலிருந்து கழித்தே காட்டுவதால் ஆண்டறிக்கையின் குறிப்புப் பகுதியைப் படிக்காமல் எண்ணை எடுக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இத்தகைய உதவிக்கு ஐரோப்பிய ஆணையத்தின் 2004 கடல்சார் அரசு உதவி வழிகாட்டுதல்கள் இடம் தருகின்றன.

நாணயமும் விலைவாசியும்

யூரோஸ்டாட் எல்லா நாட்டு எண்ணையும் யூரோவில் தருவது வசதிதான், ஆபத்தும் அதுவே. நார்வேயை எடுப்போம். 2012-இல் ஒரு யூரோவுக்குச் சராசரி 7.48 குரோனர், 2023-இல் 11.42. ஒருவர் 2012-இல் 5,00,000 குரோனர் வாங்கினார், 2023-இல் 6,00,000 என்று வைத்துக்கொள்வோம். யூரோ அட்டவணை அவர் சம்பளம் சுமார் 66,900-இலிருந்து 52,500-க்கு விழுந்ததாகச் சொல்லும். குரோனரில் 20% ஏறியிருக்கிறது. நார்வேயின் விலைவாசியோ அந்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டது, ஆக உண்மைச் சம்பளம் குறைந்திருக்கிறது, ஆனால் யூரோ காட்டும் அளவுக்கு இல்லை. மூன்று கணக்கு, மூன்று விடை.

போக்கு பார்க்கும்போது அந்தந்த நாட்டு நாணயம், அந்தந்த நாட்டு விலைக் குறியீடு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு ஒத்திசைந்த நுகர்வோர் விலைக் குறியீடு எல்லோருக்கும் ஒரே முறையில் கணிக்கப்படுவதால் அதுவே நல்லது. அளவு பார்க்கும்போது ஏதாவது ஓர் ஆண்டை எடுத்து, வாங்கும் திறன் சமநிலையில் (நாட்டுக்கு நாடு உள்ள விலை வித்தியாசத்தைச் சரிசெய்யும் மாற்று விகிதத்தில்) மாற்றுங்கள். வாங்கும் திறன் எண்ணை வைத்துப் பல ஆண்டுப் போக்கு வரையாதீர்கள். யூரோவுக்கு மாறிய நாடுகளின் பழைய ஆண்டுகளுக்கு நிலையான மாற்று விகிதம் போதும். குரோஷியாவுக்கு 7.5345 குனா, மாறியது 2023 ஜனவரி 1.

அடிப்படை ஆண்டாக 2020-ஐயோ 2021-ஐயோ வைப்பது வேண்டாம். கப்பல்கள் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன, அரசு கொடுத்த ஊதிய ஆதரவு சில நாடுகளில் கம்பெனி வழியே சம்பளமாகப் போனது, ஜெர்மனியில் அது சமூக உதவித்தொகை என்பதால் சம்பளத்தில் சேரவில்லை. 2017 முதல் 2019 வரையிலான மூன்றாண்டுச் சராசரியை 100 என்று வைப்பது பாதுகாப்பானது. 2021 முதல் ஐரோப்பிய வணிகப் புள்ளிவிவரத்துக்குப் புதிய சட்டம் வந்தது, எண்ணும் அலகும் அதையொட்டிய ஆண்டுகளில் பல நாடுகளில் மாறியது. பழைய தொடரையும் புதிய தொடரையும் ஒட்டும் இடத்தில் வரைபடத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால் யூரோஸ்டாட்டில் அதன் தொடர் நின்றுபோனது.

காலியாக இருக்கும் கட்டங்கள்

எஸ்தோனியாவில் கடல் பயணிகள் போக்குவரத்து என்றால் பெரும்பகுதி டாலிங்க் என்ற ஃபெர்ரி கம்பெனி. இப்படி ஓரிரு கம்பெனிகளே ஆளும் நாட்டில் அந்த வகையின் சம்பளத்தை வெளியிட்டால் கம்பெனியின் ரகசியம் வெளியாகிவிடும் என்று புள்ளிவிவரத் துறை மறைக்கும். கட்டத்தில் முக்காற்புள்ளியும், இரகசியம் என்பதற்கான ஆங்கில ‘சி’ எழுத்தும் நிற்கும். இதைச் சுழியம் என்று கணினியில் ஏற்றிவிட்டால் சராசரி நாசமாகும், தரவைப் படிக்கும் நிரலில் முதலிலேயே கவனிக்க வேண்டிய இடம் இது. 50-இன் மொத்தத்திலிருந்து மற்ற மூன்றைக் கழித்துக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். அதைத் தடுக்கவே இன்னொரு கட்டத்தையும் சேர்த்து மறைத்திருப்பார்கள். மறைந்ததைத் துருவுவதைவிட டாலிங்க், வைக்கிங் லைன், அட்டிகா போன்ற, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் ஊழியர் செலவு, சராசரி ஊழியர் எண்ணிக்கை என்ற இரண்டு குறிப்புகளை எடுப்பது நல்ல வழி. அது கம்பெனிக் கணக்கு, நாட்டுக் கணக்கு அன்று என்று எழுதிவிட்டால் போதும். டாலிங்கின் ஆட்கள் எஸ்தோனியாவில் மட்டும் இல்லை.

பிரிட்டனுக்கு ஆஷ் என்று சுருக்கமாகச் சொல்லும் ஆண்டு ஊதிய ஆய்வு இருக்கிறது. 50.1 அளவுக்கு இறங்கி நடுநிலைச் சம்பளம் தருகிறது. வரி ஏட்டிலிருந்து 1% மாதிரி, காலம் ஏப்ரல். கோடைக்குச் சேரும் படகு ஆட்கள் ஏப்ரலில் இன்னும் வந்திருக்கமாட்டார்கள். இவ்வளவு சிறிய தொழிலில் மாதிரிப் பிழையும் பெரிது. ஒவ்வொரு எண்ணுக்கும் பிழை விகிதம் தனி அட்டவணையில் உண்டு. 10% தாண்டினால் ஓர் ஆண்டுக்கும் மறு ஆண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேசாமல் மூன்றாண்டுச் சராசரி எடுங்கள், 20% தாண்டினால் தொடாதீர்கள்.

அமெரிக்காவில் காலாண்டு ஊதியக் கணக்கெடுப்பைத் திறக்கும்போது உடைமைக் குறியைப் பாருங்கள். தனியார் என்று மட்டும் தேர்ந்தால் வாஷிங்டன் மாநில ஃபெர்ரியும் அலாஸ்காவின் கடல் நெடுஞ்சாலையும் விடுபடும், அவை மாநில அரசின் ஃபெர்ரிகள். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு ஃபெர்ரி மாநகராட்சியுடையது. நாட்டிலேயே பெரிய ஃபெர்ரிச் சேவைகளை விட்டுவிட்டு அமெரிக்க ஃபெர்ரிச் சம்பளம் பேசுவதில் அர்த்தமில்லை. வேலைவாரியாக வேண்டுமென்றால் மாலுமி, கப்பல் தலைவரும் துணைவரும், எஞ்சினியர் என்று தனித்தனித் தொழில் ஊதிய அட்டவணை அங்கே உண்டு.

இந்தியாவுக்கு இந்த நான்கு இலக்க வகையில் நம்பத்தகுந்த ஆண்டுத் தொடர் எடுக்க முடியாது, குடும்ப ஆய்வின் மாதிரியில் விழும் ஆட்கள் மிகக் குறைவு. இந்தியக் கொடிக் கப்பல்களுக்குக் கப்பல் உடைமையாளர்களும் சங்கங்களும் தேசிய கடல்சார் வாரியத்தில் போடும் ஊதிய ஒப்பந்தங்களே தொடங்கும் இடம்.

தரைச் சம்பளம்

சராசரி கிடைக்காத இடத்தில் தரையை, அதாவது இதற்குக் கீழே போகக் கூடாது என்ற குறைந்தபட்சச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளலாம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்கீழ் ஏ.பி. எனப்படும் தேர்ந்த மாலுமிக்கான குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கூட்டுக் கடல்சார் ஆணையத்தில் பேசி முடிவுசெய்கிறார்கள். 2016-இல் மாதம் 614 டாலர், 2021-இல் 641, 2023-இல் 658, 2024-இல் 666, 2025-இல் 673, 2026 ஜனவரி முதல் 690.

இதை மணிக்கு மாற்றும்போதுதான் பலர் வழுக்குகிறார்கள். அடிப்படைச் சம்பளம் வாரம் 48 மணி நேரத்துக்கு. மாதத்துக்கு 208 மணி. 2025-இன் 673 டாலரை வகுத்தால் மணிக்கு 3.24. ஓவர்டைம் குறைந்தது ஒன்றேகால் மடங்கு, 4.04. மாதம் 100 மணி ஓவர்டைம் செய்தால் 404 சேர்ந்து 1,077 டாலர், விடுமுறைச் சம்பளம் தனி. விளம்பரத்தில் ‘1,100 டாலர்’ என்று ஒருங்கிணைந்த தொகை போட்டிருந்தால் அது தரையைவிட 60% கூடுதல் என்று எண்ண வேண்டாம், ஓவர்டைமைச் சேர்த்த தரையே அதுதான்.

இந்தியக் குடும்பத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் 2016-க்கும் 2024-க்கும் இடையே தரை டாலரில் 8.5% ஏறியது. ரூபாய் சுமார் 67-இலிருந்து 84-ஐ நெருங்கியதால் ரூபாயில் ஏறத்தாழ 41,000-இலிருந்து 56,000 ஆனது, சுமார் 35% ஏற்றம். அதே காலத்தில் இந்திய நுகர்வோர் விலை ஏறத்தாழ 47% ஏறியது. ரூபாய் சரிவு பெருமளவு காப்பாற்றியும் தூத்துக்குடியிலோ நாகையிலோ அந்தப் பணத்தில் வாங்கக்கூடியது குறைந்திருக்கிறது. டாலரை மட்டும் பார்ப்பவருக்கும் ரூபாயை மட்டும் பார்ப்பவருக்கும் இது தெரியாது.

ஃபெர்ரிக்கு இந்தத் தரைக்கு மேல் நாட்டுத் தரைகள் வரத் தொடங்கியிருக்கின்றன. பிரிட்டனின் கடற்பணியாளர் ஊதியச் சட்டம் 2023 மார்ச்சில் நிறைவேறி 2024 டிசம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 120 முறையாவது பிரிட்டிஷ் துறைமுகம் தொடும் சேவைகளில், பிரிட்டிஷ் கடற்பரப்பில் வேலை செய்யும் நேரத்துக்குத் தேசியக் குறைந்தபட்சத்துக்கு ஈடான சம்பளம். 2025 ஏப்ரலில் அது 12.21 பவுண்டு. பிரான்ஸ் 2023 ஜூலையில் இயற்றிய சட்டம் ஆங்கிலக் கால்வாய் ஃபெர்ரிகளுக்குப் பிரெஞ்சுக் குறைந்தபட்ச மணிச் சம்பளத்தைக் கொண்டுவந்தது. 2025-இல் அது 11.88 யூரோ.

‘பிரிட்டிஷ் கடற்பரப்பில்’ என்ற சொற்களைக் கணக்கில் போட்டே ஆகவேண்டும். கடற்பரப்பு 12 கடல் மைல். 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் ஒரு ஃபெர்ரி அதை 36 நிமிடத்தில் தாண்டிவிடும். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடியும் டோவர்–கலே பயணத்தில் ஒரு கரையின் பரப்பு முடியும் இடத்தருகே மறு கரையின் பரப்பு தொடங்குவதால் இரு சட்டங்களும் சேர்ந்து முழுப் பயணத்தையும் ஏறத்தாழ மூடிவிடும். இரவு முழுக்க ஓடும் ஹல்–ராட்டர்டாம் வழியில் சட்டம் தொடுவது பயணத்தின் சிறு துண்டை. ஆகவே ‘பிரிட்டனில் ஃபெர்ரிக் குறைந்தபட்சம் 12.21’ என்று ஒரே எண்ணை எல்லா வழிக்கும் போடுவது தவறு. வழித்தடத்தின் நீளத்தை எடுத்து, எத்தனை மணி எந்தச் சம்பளம் என்று கலந்து சராசரி காணுங்கள்.

வெளியிடும் முன் சரிபார்ப்பு

கணக்கு முடிந்ததும் ஒரு நாட்டையாவது கீழிருந்து கட்டிப் பாருங்கள். அந்நாட்டின் ஃபெர்ரிக் கூட்டு ஒப்பந்தத்தில் ஏ.பி.யின் ஆண்டுச் சம்பளம், இரண்டாம் அதிகாரி, உணவகப் பணியாளர் மூவரையும் எடுத்து, ஒரு கப்பலின் ஆள் விகிதத்தில் கலந்து, கரை அலுவலகத்துக்குக் கொஞ்சம் சேருங்கள். மேலிருந்து வகுத்து வந்த சராசரியும் இதுவும் 15% வித்தியாசத்துக்குள் நின்றால் நம்பலாம். மேலிருந்து வந்தது மிகக் குறைவாக இருந்தால் தலை எண்ணிக்கையால் வகுத்திருப்பீர்கள், இல்லையேல் டென்மார்க் போல நிகரச் சம்பளம் கலந்திருக்கும். மிக அதிகமாக இருந்தால் கப்பல் ஆட்கள் ஏஜென்சியில் இருக்கிறார்கள், அல்லது ஆட்குறைப்பு ஈட்டுத்தொகை ஏறியிருக்கிறது.

அட்டவணைக்குக் கீழே ஐந்து விவரங்கள் கட்டாயம் வேண்டும்: எந்த வகைப்பாட்டு எண், எதால் வகுத்தது, எந்த நாணயத்தில் எந்த விலைக் குறியீட்டால் சமன்செய்தது, தொடர் எங்கே முறிகிறது, ஏஜென்சி ஆட்கள் உள்ளேயா வெளியேயா. கடைசியானதற்கு விடை கிடைக்காத நாட்டைத் தரவரிசையில் சேர்க்காமல் தனி வரியில் போடுங்கள்.